குறைந்த செலவில் சரவுண்ட் ரிசீவர்: அறையிலிருந்து தொடங்கித் தேர்ந்தெடுக்கும் முறை

ஹோம் தியேட்டர் அமைக்க விரும்பிக் கடைக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்?" என்பதாகவே இருக்கிறது. அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து வாங்கிய பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு, சண்டைக் காட்சியில் ஜன்னல் கண்ணாடி அதிர்வதும், அடுத்து வரும் வசனம் காதில் விழாமல் ரிமோட்டைத் தேடுவதுமாக மாலைகள் கழிகின்றன. குறைந்த செலவில் நல்ல ரிசீவர் வாங்குவது கடினமான காரியம் அன்று. யோசிக்கும் வரிசையை மாற்றினால் போதும். முதலில் அறை, அடுத்து ஸ்பீக்கர், அதன் பின் டிவியோடு இணையும் வழி, கடைசியாகத்தான் ரிசீவர். ஐந்து ஸ்பீக்கர்களை நேர்மையாக இயக்கி, வசனத்தைத் தெளிவாகத் தரும் ஒரு ரிசீவர் கிடைத்துவிட்டால், மிச்சப் பணம் முழுவதும் ஸ்பீக்கருக்குப் போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ரிசீவர் மூன்று வேலைகளைச் செய்கிறது. செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், கேம் கன்சோல் ஆகியவற்றிலிருந்து வரும் எச்டிஎம்ஐ இணைப்புகளை வாங்கி ஒன்றைத் தேர்ந்து டிவிக்கு அனுப்புகிறது. டால்பி, டிடிஎஸ் வடிவில் சுருக்கப்பட்டு வரும் ஒலியை விரித்துத் தனித்தனிச் சேனல்களாகப் பிரிக்கிறது. பிரித்த ஒவ்வொரு சேனலுக்கும் மின்திறன் கொடுத்து ஸ்பீக்கரை இயக்குகிறது. விலை குறைந்த ரிசீவருக்கும் விலை கூடியதற்கும் இரண்டாவது வேலையில் வித்தியாசம் மிகக் குறைவு. டால்பி டிஜிட்டலைப் பிரிப்பதில் முப்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியும் மூன்று லட்ச ரூபாய்ப் பெட்டியும் ஒரே விடையைத்தான் தர வேண்டும். விலை ஏறுவது சேனல்களின் எண்ணிக்கை, ஆம்ப்ளிஃபையரின் வலு, அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் மென்பொருள், இணைப்பு வசதிகள் ஆகியவற்றால்தான்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் அசெம்பிள் செய்து தரும் 5.1 ஆம்ப்கள் (ஐந்து ஸ்பீக்கருக்கும், தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபருக்குமான ஆம்ப்ளிஃபையர்கள்) அவை. 4440 ஐசி போட்ட சிறிய செட்டில் தொடங்கி, டிடிஏ7294 போர்டு, 5200–1943 டிரான்சிஸ்டர் ஜோடி என்று கை தேர்ந்த டெக்னீஷியன்கள் கட்டித் தரும் ஆம்ப்கள், கொடுக்கும் காசுக்குச் சத்தம் என்ற கணக்கில் எந்தப் பெரிய கம்பெனியையும் மிஞ்சக்கூடியவை. பாட்டு கேட்பதற்கு அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். படத்துக்கு வரும்போதுதான் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: உள்ளே சுருக்கிய ஒலியை விரித்துப் பிரிக்கும் டீகோடர் இருக்கிறதா, அல்லது இரண்டு சேனல் ஸ்டீரியோவை ஒரு போர்டு ஐந்தாகப் பங்கிட்டுத் தருகிறதா? பங்கிட்டுத் தரும் செட்டில் ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வரும். ஆனால் படத்தில் வசனத்துக்கென்று தனியாகப் பதிவு செய்திருக்கும் சென்டர் சேனல் நமக்கு வந்து சேராது. புளூடூத் வசதியோடு பெட்டி பெட்டியாக விற்கும் மலிவான "5.1 ஹோம் தியேட்டர்" செட்களில் பலவும் இதே வகைதான். அவற்றின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் பிஎம்பிஓ வாட் என்ற எண்ணுக்கு வரையறுத்த அளவுமுறை எதுவும் கிடையாது. அதைப் படிக்காமலே விட்டுவிடலாம்.

அறையும் வாட் கணக்கும்

நடுத்தர வீட்டு ஹால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி. ஸ்பீக்கரிலிருந்து சோபா பத்தடி, அதாவது ஏறத்தாழ 3 மீட்டர். சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபல் என்று அதன் விவரத்தாளில் எழுதியிருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 87 டெசிபல் கேட்கும் என்பது அதன் பொருள். 3 மீட்டருக்கு வரும்போது அது ஒன்பதரை டெசிபல் குறைந்து 77 அல்லது 78 ஆகும். சுவர்கள் எதிரொலிப்பதால் வீட்டுக்குள் உண்மையில் இந்த அளவுக்குக்கூடக் குறையாது. வீட்டில் குடும்பத்தோடு படம் பார்க்கும்போது வசனம் எழுபதிலிருந்து எழுபத்தைந்து டெசிபலுக்குள்தான் இருக்கும். அப்படியானால் படத்தின் பெரும்பகுதி நேரம் ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் கூடச் செலவாவதில்லை. வெடிச் சத்தமும் தவில் உருட்டும் வரும் கணங்களில் 95 டெசிபல் தேவைப்பட்டால், அதற்குப் பதினேழரை டெசிபல் கூடுதலாக வேண்டும். அது ஏறத்தாழ 56 வாட். தாழ்ந்த ஒலிகளைத் தனி மின்சாரத்தில் இயங்கும் சப்வூஃபர் ஏற்றுக்கொள்வதால் ரிசீவரின் சுமை இன்னும் குறைகிறது.

ஆகவே நேர்மையாக அளந்த 60, 70 வாட் இந்த அறைக்குத் தாராளம். ஆனால் "நேர்மையாக அளந்த" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. யமஹாவின் ஆர்எக்ஸ்-வி385 என்ற தொடக்கநிலை ரிசீவரின் விவரத்தாளைப் பாருங்கள். இரண்டு சேனல்களை ஒன்றாக இயக்கி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.09 சதவீத ஒலிச் சிதைவில் 70 வாட். ஒரே சேனலை இயக்கி, 1 கிலோஹெர்ட்ஸில், 0.9 சதவீதச் சிதைவில் 100 வாட். சிதைவு 10 சதவீதம் வரை போகட்டும் என்று விட்டுவிட்டால் 135 வாட். மூன்றும் ஒரே பெட்டி, மூன்றும் 6 ஓம் ஸ்பீக்கருக்கு (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு). மூன்றையும் நிபந்தனையோடு வெளிப்படையாக அச்சிட்டிருப்பதை நான் மதிக்கிறேன். அதிலிருந்து பெரிய எண்ணை மட்டும் எடுத்து விளம்பர அட்டையில் எழுதும் பழக்கம் விற்பனையில் பரவலாக இருப்பதால், வாங்குபவர்தான் சின்ன எழுத்தைத் தேடிப் படிக்க வேண்டும். இரண்டு ரிசீவர்களை ஒப்பிடும்போது இரண்டு சேனல் இயக்கத்தில், முழு அலைவரிசையில், 0.1 சதவீதத்துக்கு உட்பட்ட சிதைவில் கொடுத்திருக்கும் எண்ணை மட்டுமே ஒப்பிடுங்கள். 6 ஓமுக்கு 70 வாட் என்பதும் 8 ஓமுக்கு 70 வாட் என்பதும் ஒன்றல்ல. பின்னது வலுவான ஆம்ப். அதே சமயம், 70 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் காதில் விழும் வித்தியாசம் ஒன்றரை டெசிபல்தான் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்காகப் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் பயன் இல்லை.

4 ஓம் ஸ்பீக்கர்கள் உங்களிடம் இருந்தால் மட்டும் கவனம் தேவை. தொடக்கநிலை ரிசீவர்கள் பெரும்பாலும் 6 ஓமும் அதற்கு மேலும் உள்ள ஸ்பீக்கர்களுக்காகவே செய்யப்பட்டவை. 4 ஓம் ஸ்பீக்கரைச் சத்தமாக ஓட்டினால் சூடேறி, பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும்.

எத்தனை சேனல்

சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கும் வீட்டில் 7.1 என்பது பெயருக்குத்தான். பின்னால் வைக்க வேண்டிய இரண்டு ஸ்பீக்கர்களுக்கு அங்கே இடமே இருக்காது. 5.1 போதும், அதை ஒழுங்காக வைப்பதே பாதி வெற்றி. சென்டர் ஸ்பீக்கர் நேர் எதிரே, இடமும் வலமும் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி விலகி, சரவுண்ட் இரண்டும் உட்கார்ந்திருப்பவரின் பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னே 110 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் வேண்டுமென்றால் ஏழு சேனல் ரிசீவர் தேவை. ஐந்து வழக்கமான இடத்திலும் இரண்டு தலைக்கு மேலும் வரும். இதை 5.1.2 என்று எழுதுவார்கள். காங்கிரீட் கூரையில் ஸ்பீக்கர் பொருத்துவது எளிதன்று. ஃபால்ஸ் சீலிங் போடப் போகிறவர்கள், ரிசீவர் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, ஒயரை மட்டும் இப்போதே இழுத்து வைத்துக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்கு, ஏழு சாதாரண ஸ்பீக்கர்களைவிட ஐந்து நல்ல ஸ்பீக்கர்கள் மேல்.

செலவைப் பிரித்து வாங்குவதற்கும் ரிசீவர் இடம் கொடுக்கிறது. முதல் மாதம் முன்பக்க இரண்டு ஸ்பீக்கர்களும் சென்டரும், தீபாவளிக்கு சப்வூஃபர், அடுத்த ஆண்டு சரவுண்ட். இல்லாத ஸ்பீக்கரை இல்லை என்று மெனுவில் குறித்துவிட்டால், அதற்குரிய ஒலியை இருக்கும் ஸ்பீக்கர்களுக்கு ரிசீவர் பகிர்ந்து கொடுத்துவிடும். மொத்தம் ஒரு லட்சம் ஒதுக்கினால், ரிசீவருக்கு முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் போக மாட்டேன். முன்பக்க மூன்றுக்கு முப்பதாயிரம், சப்வூஃபருக்கு இருபதாயிரம், மீதி சரவுண்டுக்கும் ஒயருக்கும். நல்ல ஸ்பீக்கர் இருபது ஆண்டு உழைக்கும். ரிசீவர் கெடாமல் இருந்தாலும், புதிய எச்டிஎம்ஐ, புதிய ஒலி வடிவம் என்று ஏழெட்டு ஆண்டில் பழையதாகிவிடும். பணம் எங்கே தங்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

டிவியோடு இணையும் வழி

அதிகமானோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான், நானும் தடுமாறியிருக்கிறேன். முதல் ரிசீவரை வாங்கிப் பூட்டிய பிறகு மூன்று மாதம், என் வீட்டில் சரவுண்ட் ஸ்பீக்கர்களிலிருந்து பெயரளவுக்குத்தான் ஒலி வந்தது. ஸ்பீக்கரை மாற்றலாமா என்ற யோசனையில் இருந்தபோது ஒரு நாள் ரிசீவரின் முகப்புத் திரையை உற்றுப் பார்த்தேன். படம் 5.1 என்று டிவி சொல்கிறது. ரிசீவரோ பிசிஎம் என்று மட்டும் காட்டுகிறது. அதாவது டிவியே ஒலியை விரித்து, இரண்டு சேனலாக்கி அனுப்புகிறது. டிவியின் ஒலி அமைப்புக்குள் போய் டிஜிட்டல் ஒலி வெளியீட்டை பிசிஎம் என்பதிலிருந்து, வந்த ஒலியை அப்படியே கடத்தும் பாஸ்த்ரூ என்பதற்கு மாற்றியதும், ஒரு சின்ன 'டிக்' சத்தத்தோடு முகப்பில் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற எழுத்து எரிந்தது. மழைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மழை அறையின் பின்பக்கத்திலும் பெய்யத் தொடங்கியது. சில டிவிகளில் இந்த அமைப்பு பிட்ஸ்ட்ரீம் என்றும், சிலவற்றில் ஆட்டோ என்றும் இருக்கும். ரிசீவர் வாங்கிய எவரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

டிவியில் உள்ள செயலிகளிலேயே படம் பார்ப்பவர்களுக்கு ஏஆர்சி என்ற வசதி இன்றியமையாதது. டிவியின் எச்டிஎம்ஐ துளைகளில் ஏதேனும் ஒன்றின் மேல் மட்டும் அந்த மூன்றெழுத்து அச்சிட்டிருக்கும். அதையும் ரிசீவரின் வெளியீட்டுத் துளையையும் ஒரே கேபிளால் இணைத்தால், டிவியின் ஒலி அதே கேபிளில் திரும்பி வரும். இது 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4இலிருந்து இருக்கிறது. இதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி, சுருக்காத முழு ஒலியையும் கடத்தும். இஏஆர்சி இல்லையென்றால் அட்மாஸே வராது என்று கடைகளில் சொல்வது சரியன்று. ஸ்ட்ரீமிங் தளங்கள் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவத்துக்குள் வைத்துத்தான் அனுப்புகின்றன. டிவி இடம் கொடுத்தால் பழைய ஏஆர்சியே அதைக் கடத்தும். புளூரே வட்டு பார்ப்பவர்கள் பிளேயரை நேரே ரிசீவரில் இணைத்துவிட்டால் அவர்களுக்கும் இஏஆர்சி தேவையில்லை.

ஆப்டிகல் கேபிளை நம்பி ரிசீவர் வாங்க வேண்டாம். சரவுண்ட் ஒலியில் அது சாதாரண டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஆகியவற்றை மட்டுமே கொண்டுவரும். டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் வராது. பென் டிரைவில் படம் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். டிடிஎஸ் ஒலி உள்ள கோப்பைச் சில டிவிகள் ஏற்பதே இல்லை. படம் ஓடும், ஒலி வராது. அப்படிப்பட்ட டிவி உங்களிடம் இருந்தால், பென் டிரைவைப் படிக்கும் ஒரு சிறிய மீடியா பிளேயரை ரிசீவரில் நேரே இணைப்பதே வழி.

கேம் கன்சோலில் 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் பார்க்க விரும்புபவர்கள் அதற்காக விலை கூடிய ரிசீவரைத் தேட வேண்டியதில்லை. கன்சோலை டிவியில் நேரே செருகி, ஒலியை மட்டும் ஏஆர்சி வழியே ரிசீவருக்கு அனுப்பலாம். நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடுகள் ஒரு வீட்டுக்குப் போதும்.

அறையை அளக்கும் மைக்

இரண்டு ரிசீவர்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் நிற்கும்போது, அறையை அளந்து திருத்தும் வசதி எதில் நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள். யமஹாவில் இதன் பெயர் ஒய்பிஏஓ, டெனானிலும் மராண்ட்ஸிலும் ஆடிஸி, சோனியில் டிசிஏசி. பெட்டியோடு வரும் சின்ன மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு ஒலியை எழுப்பி, அதன் தொலைவையும் உரப்பையும் ரிசீவர் தானே கணக்கிட்டுக்கொள்ளும். மைக்கைக் கையில் பிடிக்கக் கூடாது. சோபாவின் முதுகில் சாய்த்து வைக்கவும் கூடாது. கேமரா ஸ்டாண்டு ஒன்று இருந்தால் நல்லது. சீலிங் ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிட்டு, தெரு அடங்கிய பிறகு இரவில் செய்ய வேண்டும். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவும் அணைத்துவிட்டு எடுத்த அளவும் என் வீட்டில் வேறு வேறாகவே வந்தன.

அளந்து முடித்ததும் மெனுவில் ஸ்பீக்கர்கள் "பெரியவை" என்று குறிக்கப்பட்டிருந்தால் "சிறியவை" என்று மாற்றி, பிரிப்பு அலைவரிசையை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழுள்ளதை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். சப்வூஃபரின் தொலைவு நாடாவால் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்தாதீர்கள். சப்வூஃபருக்குள் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்தே ரிசீவர் அப்படிக் கணக்கிடுகிறது. வசனம் இன்னும் அமுங்கித் தெரிந்தால் சென்டரை மட்டும் 2 டெசிபல் உயர்த்தலாம். அடுக்ககத்தில் குடியிருந்து இரவில் படம் பார்ப்பவர்களுக்கு, உரத்த ஒலியைக் குறைத்து மெல்லிய ஒலியை உயர்த்தும் இரவு முறை ரிசீவரில் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

மென்பொருளால் தீராத குறை ஒன்று உண்டு. டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள ஹாலில் ஒலி தட்டித் தட்டித் திரும்பி வசனத்தைக் கலைத்துவிடும். கைதட்டிப் பார்த்தால் கிணுகிணுவென்று ஒலி நீடித்தால் அதுதான் அறிகுறி. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு கெட்டியான பவானி ஜமக்காளமும், ஜன்னலுக்குக் கனமான திரையும் போட்டால், ரிசீவரில் பத்தாயிரம் கூட்டிக் கொடுத்தாலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

வெப்பம், மின்சாரம், ஒயர்

ரிசீவர் சூடேறும் பொருள். கண்ணாடிக் கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள் அதை அடைத்து வைப்பது, அதுவும் சித்திரை வெயிலில், ஆயுளைக் குறைக்கும். மேலே குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். தூசு படியாதிருக்க மேலே துணி விரிக்கும் பழக்கத்தை இதற்கு மட்டும் விட்டுவிட வேண்டும். அந்தத் துளைகள் வெப்பம் வெளியேறுவதற்கானவை.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் வாங்கி வந்தால் மலிவு என்று நினைப்பவர்கள், அங்கே விற்கும் பெட்டி 120 வோல்ட்டுக்கானது என்பதை நினைவில் வைக்க வேண்டும். நம் 230 வோல்ட் பிளக்கில் நேரே செருகினால் அந்தக் கணமே போய்விடும். அதற்குத் தக்க டிரான்ஸ்ஃபார்மர், அதன் எடை, அதன் முனகல், இங்கே செல்லாத வாரன்டி எல்லாவற்றையும் கூட்டினால் மலிவு மறைந்துவிடும். ஸ்பீக்கர் ஒயர் விஷயத்தில் மட்டும் தாராளமாகச் சிக்கனம் காட்டலாம்: 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் சாதாரண ஹாலுக்குப் போதும். நுனியை உரிக்கும்போது பிரியும் மெல்லிய இழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டுவிடாமல் முறுக்கிச் செருக வேண்டும். புது ரிசீவர் போட்டதும் அணைகிறது என்று வரும் புகார்களில் அந்த இழை காரணமாக இருப்பது உண்டு.

பழைய ரிசீவர் வாங்குவது

ஆறேழு ஆண்டு பழைய நல்ல ரிசீவர் பாதி விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் பார்க்கலாம். ஆனால் இயக்கிக் காட்டாமல் வாங்கக் கூடாது. பெரும்பாலும் எச்டிஎம்ஐ போர்டுதான் முதலில் கெடுவது. ஆகவே ஒவ்வொரு உள்ளீட்டிலும் படம் வருகிறதா என்று அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறை இல்லாத பெட்டி வழியாக ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கின் 4கே படம் டிவிக்குப் போகாது. ஸ்டிக்கை டிவியில் செருகி ஒலியை ஏஆர்சியில் எடுத்தால் அந்தக் குறை தீரும். வால்யூம் திருகும்போது கரகரப்பு, சில நிமிடத்தில் ஒரு சேனல் மட்டும் மங்குவது, மைக் தொலைந்திருப்பது ஆகியவை விலையைக் குறைத்துப் பேசவோ விலகவோ போதுமான காரணங்கள்.

புதியது வாங்கும்போது, உங்கள் ஊருக்கு மிக அருகே சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். சென்னைக்கு மட்டுமே அனுப்ப வேண்டுமென்றால் பத்துக் கிலோப் பெட்டியின் போக்குவரத்துச் செலவு உங்களுடையது. கடையில் கேட்டுப் பார்க்க வாய்ப்பிருந்தால், நீங்கள் பலமுறை பார்த்த, இருவர் தாழ்ந்த குரலில் பேசும் காட்சி ஒன்றைப் போடச் சொல்லி, வீட்டில் வைக்கும் அளவுக்கே சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். பில் போடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து, ரிமோட், அளவு மைக், கடை முத்திரையிட்ட வாரன்டி அட்டை ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து எடுத்து வாருங்கள். வீட்டில் எல்லாம் பூட்டிய பிறகு, மெனுவில் உள்ள சோதனை ஒலியை ஒருமுறை சுற்ற விட்டு, திரையில் "சரவுண்ட் வலது" என்று காட்டும்போது ஒலி உங்கள் வலது தோளுக்குப் பின்னாலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.